புள்ளியும் அதன் பெயர்களும்

எழுதப்படும் குறிகளுள் மிகச் சிறியது புள்ளி. எழுதுகோலின் நுனி தாளிற் பட்ட அளவிலே அது பிறந்துவிடுகின்றது. எனினும், உலகத்து மொழிகள் பலவும் அச்சிறு குறியின்மேற் பெரும் பொறுப்புக்களைச் சுமத்தியுள்ளன. ஓரெழுத்தை வேறோரெழுத்தாக்குதல், ஓசையை நிறுத்துதல், வாக்கியத்தை முடித்தல், எண்ணிலிருந்து பின்னத்தைப் பிரித்தல் என்பன யாவும் அதன் தொழில்களாயின. தொழில்கள் பலவாகவே பெயர்களும் பலவாயின.

மக்கள் ஒரு பொருளுக்குப் பெயரிடும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. பொருளின் வடிவை நோக்கிப் பெயரிடுதல் ஒன்று. அது செய்யும் தொழிலை நோக்கிப் பெயரிடுதல் மற்றொன்று. நாற்காலி என்பது வடிவாற் பெற்ற பெயர். எழுதுகோல் என்பது தொழிலாற் பெற்ற பெயர். இப்பாகுபாட்டை மனத்திற்கொண்டு புள்ளியின் பெயர்களை நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். தமிழ் அக்குறியை வடிவால் அழைத்தது. வடமொழியும் அதன் வழிப்பட்ட எழுத்துமுறைகள் பலவும் அதே பணி புரியும் குறியைத் தொழிலால் அழைத்தன. இது வெறும் சொல்வேறுபாடு அன்று. எழுத்து என்பது யாது என்னும் வினாவுக்கு இருவேறு மரபுகள் கூறிய இருவேறு விடைகள் அப்பெயர்களுள் அடங்கியிருக்கின்றன. அன்றியும், தமிழர் தம் இலக்கணத்திலே போற்றிய புள்ளியை ஏட்டிலே நெடுங்காலம் இழந்திருந்தனர். இழந்ததை மீட்ட வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கும் சிறப்பான பங்குண்டு.

தொல்காப்பியர் கண்ட புள்ளி

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் முதலியலாகிய நூன்மரபிலே புள்ளிக்கு இலக்கணம் வகுக்கப்பட்டுள்ளது. மெய்யெழுத்து இயல்பாகவே புள்ளியோடு நிற்கும் என்பது அந்நூலின் துணிபு. எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும். உயிர் வந்து சேரும்பொழுது மெய் தன் புள்ளியை நீங்கி உயிர்மெய்யாகும். மகரக் குறுக்கம் எழுத்தின் உள்ளே ஒரு புள்ளி பெறும். ஆய்தம் முப்பாற்புள்ளி எனப்படும். குற்றியலுகரமும் புள்ளி பெறும் என்பது உரையாளர் கொண்ட பொருள். இவ்வாறு தொல்காப்பியர் காலத்து எழுத்திலே புள்ளி ஒருவகைப் பணிக்கு மாத்திரம் உரியதாகாது, பலவிடத்தும் எழுத்தின் இயல்பை அறிவிக்கும் அடையாளமாய் விளங்கியது.

புள்ளி என்னும் சொல்லே நாளடைவில் மெய்யெழுத்துக்குப் பெயராயிற்று. எழுத்ததிகாரத்தின் ஒன்பதியல்களுள் உயிரீற்றுச் சொற்கள் புணரும் முறையைக் கூறுவது உயிர்மயங்கியல். மெய்யீற்றுச் சொற்கள் புணரும் முறையைக் கூறுவது புள்ளிமயங்கியல். உயிருக்கு எதிராகப் புள்ளி என்று நிறுத்தியமையால், குறியின் பெயர் எழுத்தின் பெயராகவே ஆளப்பட்டமை தெளிவாகும்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மெய் என்பது உடம்பு. உயிர் என்பது அதனை இயக்குவது. தமிழிலக்கணத்தார் கொள்கைப்படி உடம்பு தனியே நிற்கும் நிலையே மெய்யெழுத்தின் முதனிலை. அந்நிலையின் அடையாளம் புள்ளி. க் என்பதே அடிப்படை. அகரம் வந்து அதனோடு கூடியபின்னரே க என்பது தோன்றும். ஆகவே புள்ளி எதனையும் நீக்குவதற்காக இடப்பட்ட குறியன்று. இன்னும் உயிர் வந்து சேரவில்லை என்பதை அறிவிக்கும் குறி அது. உயிர் வந்தவுடன் அதற்கு வேலையில்லை, நீங்கிவிடுகின்றது.

பிறமொழிகள் இட்ட பெயர்கள்

வடவெழுத்து முறையிலே இக்கொள்கை தலைகீழாய் அமைந்தது. அங்கே க என்னும் வடிவம் அகரத்தைத் தன்னுள்ளே கொண்டே பிறக்கின்றது. அகரம் வேண்டாதவிடத்து அதனை அகற்றுதற்குத் தனிக்குறி ஒன்று தேவைப்படுகின்றது. தேவநாகரியிலே எழுத்தின் அடியில் இடப்படும் சிறு சாய்கோடு அத்தேவையை நிறைவேற்றும். அதன் பெயர் விராமம். நிறுத்தம், ஓய்வு என்பன அச்சொல்லின் பொருள்கள். இந்தி பேசுவோர் அதனை ஹலந்த் என்றும் வழங்குவர். பாணினி தம் இலக்கணத்திலே மெய்யெழுத்துக்கள் அனைத்தையும் ஒருங்கே குறிப்பதற்கு ஹல் என்னும் குறியீட்டுச் சொல்லை ஆண்டார். ஹல்லை ஈற்றிலுடையது ஹலந்தம். சிங்கள மொழியார் ஹல் கிரீம என்று கூறுவதும் இதன் வழிவந்ததே. எழுத்தை ஹல் ஆக்குதல் என்பது அதன் பொருள்.

தமிழின் உறவு மொழிகளிலே வேறுவகைப் பெயர்களும் காணப்படுகின்றன. தெலுங்கர் இக்குறியைப் பொல்லு என்பர். பதர் என்பது அச்சொல்லுக்கு மற்றொரு பொருள். உள்ளீடில்லாத நெல்லைப்போல உயிரில்லாத எழுத்து என்னும் கருத்து அதில் அமைந்து கிடக்கின்றது. மலையாளத்தார் சந்திரக்கலை என்பர். எழுத்தின் மேலே இளம்பிறைபோல வளைந்து தோன்றுதலின் அப்பெயர் பொருத்தமானதே. அச்சந்திரக்கலை மெய்யெழுத்தைக் காட்டுவதோடு அமையாது, சொல்லிறுதியிற் குறைந்தொலிக்கும் உகரத்தையும் காட்டும். குற்றியலுகரத்துக்குப் புள்ளி கூறிய பழந்தமிழ் மரபோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம்.

கடல் கடந்து சென்ற எழுத்துமுறைகளிலே பெயர்கள் இன்னும் அழுத்தம் பெற்றன. பர்மிய மொழியில் இக்குறியின் பெயருக்குக் கொல்வது என்று பொருள். எழுத்தினுள் உறையும் உயிரை அது கொன்றுவிடுகின்றதாம். தாய்லாந்து மொழியில் ஒலிக்காத எழுத்தின் மேல் இடப்படும் குறிக்குத் தண்டகாதம் என்னும் வடசொல்லின் திரிபு பெயராயிற்று. தண்டினால் அடித்தல் என்பது அதன் பொருள். சாவகத்தார் மட்டும் மென்மையான பெயரொன்றைத் தேர்ந்தனர். அவர் இட்ட பெயர் மடி என்று பொருள்படும்; மெய்யெழுத்து அக்குறியின் மடியில் அமர்ந்திருப்பதாக அவர் கண்டனர் போலும்.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின், நிறுத்துதல், கொல்லுதல், அடித்தல், உள்ளீடின்மை ஆகிய கருத்துக்களே மிகுந்திருக்கக் காணலாம். முன்னர் இருந்த ஒன்று பின்னர் நீக்கப்பட்டது என்னும் எண்ணமே அவற்றின் அடிப்படை. தமிழ்ப் பெயரோ அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுக்கவில்லை. புள்ளி என்பது கண்ணுக்குத் தோன்றும் வடிவின் பெயர். மானின் மேனியிலே கிடக்கும் புள்ளியும், முற்றத்துக் கோலத்திலே மகளிர் இடும் புள்ளியும், மெய்யெழுத்தின் தலையிலே நிற்கும் புள்ளியும் தமிழர்க்கு ஒன்றே.

கல்லும் ஓலையும்

தமிழர் கொண்ட இக்கொள்கை இலக்கண நூலோடு நின்றுவிடவில்லை. கல்லிலும் அதன் சுவடு உண்டு. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களை நெடுங்காலம் ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டிலே பெருநூலொன்றை வெளியிட்ட ஐராவதம் மகாதேவன், அவற்றின் எழுத்துமுறையை மூன்றாக வகுத்தார். முதன்முறையிலே குறியெதுவும் பெறாத வடிவம் தூய மெய்யையே குறித்தது. அகரம் வேண்டின் பக்கத்திலே சிறுகோடு இட்டனர். இரண்டாம் முறையிலே அவ்வடிவம் மெய்யையும் அகரவுயிர்மெய்யையும் ஒருங்கே குறித்து மயக்கந் தந்தது. மூன்றாம் முறையிலே புள்ளி தோன்றி அம்மயக்கத்தை நீக்கியது. வடக்கிலிருந்து வந்த எழுத்தைக் கையேற்ற தமிழர், அதனைத் தம் மொழியின் இயல்புக்கேற்பத் திருத்த முயன்ற படிமுறையை இம்மூன்று நிலைகளும் காட்டுகின்றன. அம்முயற்சியின் முடிவே புள்ளி.

இவ்வாறு அரிதிற் கண்ட புள்ளியைப் பின்வந்தோர் கைவிட நேர்ந்தது. அதற்குக் காரணம் அறியாமை அன்று, எழுதுபொருளே பெருங்காரணம். பனையோலையிலே எழுத்தாணி கொண்டு எழுதுவோர் கோடுகளை எளிதிற் கீறலாம். புள்ளியோ குத்தி இடப்படுவது. கூரிய நுனி ஓலையைத் துளைக்கும். துளை நாளடைவில் நார்வழியே பிளந்து ஏட்டைக் கெடுக்கும். ஆதலின் ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தே எழுதிச் சென்றனர். பவணந்தியார் 13 ஆம் நூற்றாண்டிலே இயற்றிய நன்னூலும் எகர ஒகரங்களுக்கும் மெய்க்கும் புள்ளி கூறுகின்றது. நூல் விதித்தது, ஓலை மறுத்தது.

புள்ளி நீங்கியதனால் விளைந்த இடர் சிறிதன்று. ஏட்டிலே கல என்று இருப்பின் அது கல்லோ, கலவோ என்பதைப் படிப்பவனே துணிதல் வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றாயிற்று. ஆகவே எரியும் ஏரியும் ஏட்டிலே ஒன்று. தீயும் நீரும் ஓரெழுத்தின் ஐயத்திற் கலந்துவிடும். கொடுவும் கோடும் அவ்வாறே. இதனோடு வேறொரு மயக்கமும் கூடியது. நெட்டெழுத்தின் காலும் ரகரமும் ஏட்டிலே ஒரே வடிவாக எழுதப்பட்டன. எனவே பரல என்று காணப்படும் மூன்றெழுத்தைப் பரல் என்றும் படிக்கலாம். பால் என்றும் படிக்கலாம். கூழாங்கல்லா, குழந்தைக்கு ஊட்டும் உணவா என்பதை இடம்நோக்கியே தெளிதல் வேண்டும்.

எனினும் நூற்றாண்டு பலவாகத் தமிழர் இவ்வேடுகளைப் படித்தே வந்தனர். அஃது எவ்வாறு இயன்றது? செய்யுளின் சீரும் தளையும் எதுகையும் பெரும்பாலும் சரியான ஓசையைக் காட்டிக்கொடுத்தன. அவற்றினும் வலிய துணை ஆசிரியர் வாய்மொழி. மாணாக்கன் நூலை ஏட்டின்கண் பெறுமுன்னரே செவியிற் பெற்றான். ஏட்டில் இல்லாத புள்ளி அவன் நாவில் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நிகழ்ந்துவரும் புராணபடனத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, சூழவிருந்தோர் கேட்டு உணர்ந்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டழைத்த அவ்வாழ்க்கை முறையிலே நூலின் உண்மையான இருப்பிடம் ஏடு மாத்திரம் அன்று. கேட்டார் நினைவும் ஆகும். ஆனால் வாய்மொழித் தொடர் அறுந்த நூல்கள் பலவுண்டு. கற்பிப்பார் அருகிய அந்நூல்களில் ஏட்டை மாத்திரம் நம்பியிருத்தல் வேண்டியதாயிற்று. அங்கே புள்ளியின்மை பெருங்கேடாய் முடிந்தது.

இவ்விடர் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. அரபெழுத்திலே ஒரே வடிவுக்குக் கீழே ஒரு புள்ளியிட்டால் ஓரொலியும், மேலே இரண்டிட்டால் வேறோரொலியும், மூன்றிட்டால் பிறிதோரொலியும் பிறக்கும். பழைய அரபுப் படிகள் பலவற்றிலே இப்புள்ளிகள் இடப்படவில்லை. திருக்குர்ஆனைப் பிழையற ஓதுதற்பொருட்டு 7 ஆம் நூற்றாண்டு முதலாகப் புள்ளிகளும் பிற குறிகளும் ஒழுங்குபெற்றன. அரபியர் புள்ளியை நுக்தா என்பர்; எபிரேயர் தம் உயிர்க்குறிகளுக்கு நிக்குத் என்று பெயரிட்டதும் புள்ளியென்னும் பொருளிலேயே. இலங்கையிலும் தமிழகத்திலும் முஸ்லிம்கள் வழங்கிய அரபுத்தமிழ், தமிழொலிகளைக் காட்டுதற்கு அரபெழுத்திலே புதிய புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துக்கொண்டது. மறைநூலையும் முன்னோர் நூலையும் பிழையின்றிக் காக்க விரும்பிய மக்கள் யாவரும் இறுதியிற் புள்ளியையே நாடினர்.

அச்சும் யாழ்ப்பாணமும்

ஏட்டிலே விடுபட்டதை மீட்டது அச்சு. 1578 ஆம் ஆண்டிலே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சேறியது. ஆயினும் தொடக்கத்தில் அச்சு ஏட்டின் வழக்கையே பெரிதும் பின்பற்றியது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் புள்ளியின்றியே வேறுபடுத்தும் வழியை 18 ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் வகுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. குறிலுக்குப் புள்ளியிடும் பழைய முறைக்கு மாறாக நெடிலின் வடிவையே அவர் வேறாக்கினார். அதனால் எகர ஒகரங்கள் புள்ளியின் துணையை வேண்டாவாயின. மெய்யெழுத்தின் புள்ளியோ அச்சு பரந்த 19 ஆம் நூற்றாண்டிலே முழுமையாக நிலைபெற்றது.

அச்சு புள்ளியை எங்ஙனம் கட்டாயமாக்கிற்று என்பது சிந்திக்கற்பாலது. ஏடெழுதுவோன் ஐயுற்றவிடத்துக் குறியின்றி விட்டுச் செல்லலாம். துணியும் பொறுப்பு படிப்பவனைச் சாரும். அச்சுக்கோப்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. க என்பதும் க் என்பதும் வெவ்வேறு அச்சுக்கள். வெவ்வேறு அறைகளிற் கிடப்பன. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். அவனுக்கு அதனைத் தெரிவித்தற்குப் பதிப்பாசிரியன் ஒவ்வோரெழுத்தையும் துணிந்திருத்தல் வேண்டும். ஆகவே பழந்தமிழ் நூலொன்றை அச்சிட்டவன் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தன் புலமையைப் பிணையாக வைத்து இட்டவனாவான்.

யாழ்ப்பாணத்திலே அச்சுத்தொழில் வேரூன்றியது அமெரிக்க மிஷனாரின் மானிப்பாய் அச்சகத்தினால் ஆகும். 1834 ஆம் ஆண்டளவில் அது தொழிற்படத் தொடங்கியது. 1841 ஆம் ஆண்டிலே உதயதாரகை என்னும் பத்திரிகை வெளிவந்தது. 1842 ஆம் ஆண்டிலே மானிப்பாய் அகராதி வெளிவந்தது. அகராதியோ எழுத்துவரிசையை நம்பி நிற்பது. க் என்பதும் க என்பதும் வேறென்று கண்ணுக்குத் தோன்றாவிடின் வரிசையே குலைந்துபோம். பத்திரிகையோ முன்பின் அறியாத செய்தியை முன்பின் அறியாத வாசகனிடம் கொண்டுசெல்வது. அங்கே ஆசிரியர் வாய்மொழி துணைவர இயலாது. புதிய அச்சுவாழ்க்கைக்குப் புள்ளி இன்றியமையாததாயிற்று.

இக்கருவியைச் சைவத்துக்கும் தமிழுக்கும் உரியதாக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822 ஆம் ஆண்டிலே பிறந்த நாவலர், 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடம் சென்னபட்டணம் சென்று அச்சியந்திரம் பெற்று மீண்டார். வித்தியானுபாலன யந்திரசாலை என்னும் அவரது அச்சகத்திலிருந்து பாலபாடங்களும் இலக்கண நூல்களும் சமய நூல்களும் வெளிவந்தன. பரிமேலழகருரையோடு கூடிய திருக்குறளை அவர் பதிப்பித்தது 1861 ஆம் ஆண்டில். பிழையற்ற பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்னும் மதிப்பு அக்காலத்திலேயே நிலைபெற்றது. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, இலக்கணத்தையும் பொருளையும் ஆராய்ந்து, ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் தெரிந்து அச்சிட்டமையே அம்மதிப்புக்குக் காரணம்.

நாவலர் காட்டிய வழியிலே மேற்சென்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டிலே முதன்முதல் உருவாக்கிய பட்டதாரிகளுள் அவர் ஒருவர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு 1868 ஆம் ஆண்டிலே நாவலர் பரிசோதனையுடன் அவரால் வெளிவந்தது. வீரசோழியம் 1881 ஆம் ஆண்டிலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885 ஆம் ஆண்டிலும், கலித்தொகை 1887 ஆம் ஆண்டிலும் அச்சேறின. இவற்றுட் பல, கற்பிக்கும் வழக்கு அருகி, செல்லரித்த ஏடுகளில் மறைந்து கிடந்தவை. நாவில் இருந்த புள்ளி மறைந்துபோக, ஏட்டில் இல்லாத புள்ளியைப் புலமையாலே மீண்டும் கண்டெடுத்தல் அவருக்கு வாய்த்த பணி. புள்ளிக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியமே புள்ளியில்லா ஏடுகளிற் கிடந்து, யாழ்ப்பாணத்தார் ஒருவர் கைவழியே புள்ளியோடு அச்சேறியமை நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும்.

நிறுத்தற் புள்ளிகள்

எழுத்தைத் தெளிவிக்கும் புள்ளியோடு, வாக்கியத்தைத் தெளிவிக்கும் புள்ளியும் அச்சின் வழியே தமிழில் வந்து சேர்ந்தது. இதன் பிறப்பிடம் கிரேக்க நாடு. கி. மு. 200 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நூலகத்திலிருந்த அரிஸ்தோபனிஸ் என்னும் அறிஞர் தாழ, நடுவே, உயர என மூன்றிடங்களிற் புள்ளியிட்டு மூவகை நிறுத்தங்களைக் காட்டினார். கொம்மா, கோலன் என்று இன்று குறிகளுக்கு வழங்கும் பெயர்கள் அக்காலத்தில் வாக்கியப் பகுதிகளின் பெயர்களே. வெட்டப்பட்ட துண்டு என்பது முன்னதன் பொருள். உறுப்பு என்பது பின்னதன் பொருள். பகுதியின் பெயர் பின்னர் அதன் ஈற்றில் நிற்கும் குறியின் பெயராயிற்று. தமிழிலே புள்ளி என்னும் குறிப்பெயர் எழுத்தின் பெயரானதற்கு இஃது எதிர்த்திசையில் நிகழ்ந்த மாற்றம். இலத்தீன் மொழியார் புள்ளியைக் குத்துதல் என்னும் வினையடியாகப் பெயரிட்டனர். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் பெயர்கள் அதன் வழிவந்தவை. ஆங்கிலேயர் முழுநிறுத்தம் என்று தொழிலாற் கூறுவதை, அமெரிக்கர் கிரேக்கச் சொல்லின் வழியாகச் சுற்றின் முடிவு என்னும் பொருள்பட வழங்குகின்றனர்.

இந்திய மொழிகளுட் புகுந்தபொழுதும் இக்குறிகள் முன்கூறிய இருவகைப் பெயர்களையே பெற்றன. இந்தியிலே வாக்கியத்தின் ஈற்றுக்குறி பூர்ண விராமம். அரைநிறுத்தம் அர்த்த விராமம். சிறுநிறுத்தம் அல்ப விராமம். எழுத்தின் அகரத்தை நிறுத்திய குறிக்கு இட்ட பெயரையே வாக்கியத்தை நிறுத்தும் குறிக்கும் இட்டனர். தமிழரும் அவ்வாறே தம் பழம்பெயரை நீட்டி வழங்கினர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பன அப்பெயர்கள். வடக்கே இரண்டிடத்தும் விராமம். தெற்கே இரண்டிடத்தும் புள்ளி. தொழிலை நோக்கியவர் தொழிலையே நோக்கினர். வடிவை நோக்கியவர் வடிவையே நோக்கினர்.

எனினும் தமிழ்ப் பெயர்களின் முன்னொட்டு வடிவைச் சார்ந்ததன்று, அளவைச் சார்ந்தது. ஆங்கிலப் பள்ளி இலக்கணங்களிலே இந்நான்கு குறிகளுக்கும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணி நிறுத்துமாறு கற்பிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கால், அரை, முக்கால், முற்று என்னும் தமிழ்ப் பெயர்கள் அவ்வளவோடு இசைந்து நிற்கின்றன. எழுத்தொலிக்கும் காலத்தை மாத்திரையால் அளந்தது தமிழிலக்கணம். கண்ணிமையும் கைந்நொடியும் அதன் அளவுகோல்கள். ஒலிக்கும் நேரத்தை அளந்தவர்க்கு ஒலியாதிருக்கும் நேரத்தை அளத்தல் புதுமையன்று. சந்தையிலே நெல்லுக்கும் எண்ணெய்க்கும் வழங்கிய கீழ்வாய் எண்ணுப் பெயர்களே மௌனத்தை அளக்கவும் பயன்பட்டன.

பழைய உரைநடைக்கு இக்குறிகள் ஏன் வேண்டியிருக்கவில்லை என்னும் வினா எழலாம். தமிழ் வாக்கியம் வினைமுற்றோடு முடிவது. முற்று வந்தமையே முடிவை அறிவிக்கும். உரையாசிரியர்கள் என்க, என்பதாம் முதலிய சொற்களால் கருத்தின் எல்லையைக் காட்டினர். ஆயினும் எச்சங்கள் அடுக்கி வரும் நெடுவாக்கியத்திலே இடைநிறுத்தம் அறியாது இடர்ப்படுதல் இளமாணாக்கர்க்கு இயல்பு. நாவலர் வசனநூல்கள் இவ்விடரை நன்கு உணர்ந்தவரால் இயற்றப்பட்டவை. அவர் நெடுவாக்கியத்தைக் கைவிடவில்லை. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இட்டு அதனை நடைபழகச் செய்தார். தமிழ் உரைநடையிலே நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு நாடெங்கும் பரவச்செய்தவருள் முதல்வர் அவர் என்பதை அறிஞர் பலரும் ஒப்புவர். சிறுவர் கையிற் பாலபாடம் சென்றவிடமெல்லாம் அக்குறிகளும் சென்றன. ஆசிரியன் அருகிலிராதபோதும் அவன் குரலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாளிலே காட்டி நின்றவை அவையே.

இக்காலத்துப் புள்ளி

தாளிலே வெற்றிபெற்ற புள்ளி கணினியிலே மீண்டும் பெயர்ச் சிக்கலுக்கு உட்பட்டது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண்ணிடும் யுனிக்கோட் என்னும் முறை 1991 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதிலே தமிழெழுத்துக்கள் இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுத்த அமைப்பைத் தழுவி இடம்பெற்றன. அதனால் தமிழ்ப் புள்ளியின் அதிகாரப் பெயர் விராமம் என்றாயிற்று. ஆய்தத்தின் பெயர் விசர்க்கம் என்றாயிற்று. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அம்முறையின் விதி. பெயரோடு கொள்கையும் வந்தது. அங்கே க என்பது ஒன்று. க் என்பது க என்பதோடு புள்ளி சேர்ந்த இரண்டு. தொல்காப்பியர் புள்ளியை நீக்கி உயிர்மெய்யைப் பெற்றார். கணினி புள்ளியைச் சேர்த்து மெய்யைப் பெறுகின்றது. திரையிலே காண்பார்க்கு வேறுபாடு தோன்றாது. எனினும் எழுத்தை எண்ணவும் சொல்லைப் பகுக்கவும் கணினிக்குக் கற்பிப்பார் இவ்வேறுபாட்டை மறக்கவியலாது. மெய்யெழுத்துக்கும் தனியெண் தரும் வேறொரு குறியேற்றத்தை 2010 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு யுனிக்கோட்டோடு சேர்த்து ஏற்றமை இக்கருத்து இன்னும் உயிரோடிருத்தலைக் காட்டும்.

குறிக்குப் பெயரிடும் விருப்பம் மக்களிடத்தே இன்னும் குன்றவில்லை. மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கும் வளைந்த குறியை இத்தாலியர் நத்தை என்கின்றனர். ஒல்லாந்தர் குரங்குவால் என்கின்றனர். உருசியர் நாய் என்கின்றனர். இஸ்பானியரோ அரோபா என்னும் பழைய நிறையளவின் பெயரால் அதனை அழைக்கின்றனர். அச்சொல் காற்பங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வடிவை நோக்கி விலங்கின் பெயரிட்டோர் ஒருபுறம்; அளவை நோக்கிக் கால் என்றோர் மறுபுறம். காற்புள்ளி என்று பெயரிட்ட தமிழர் மரபு தனித்த ஒன்றன்று என்பதற்கு இது சான்று.

இலங்கைத் தமிழிலே புள்ளி என்னும் சொல் மேலும் வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டார் மதிப்பெண் என்பதை இந்நாட்டு மாணவர் புள்ளி என்றே வழங்குவர். பல்கலைக்கழகம் புகுவார் வெட்டுப்புள்ளியை எதிர்நோக்கி நிற்பர். 2010 ஆம் ஆண்டிலே இணையத்தில் இலங்கைக்குரிய முகவரி தமிழெழுத்திலும் கிடைத்தபொழுது, நாட்டின் பெயருக்கு முன்னே நின்றதும் ஒரு புள்ளியே.

1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஓலை நிலையில்லாதது என்பதை அத்தீ மீண்டும் உணர்த்தியது. அச்சேறிய நூல்கள் வேறிடங்களிலே எஞ்சின. அச்சேறாத ஏடுகளுக்கு அவ்வாய்ப்பில்லை. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் விரைந்து செய்த பணியின் பெருமை அப்பொழுது மேலும் விளங்கிற்று. அவர்கள் காத்துத் தந்தவை நூல்கள் மாத்திரம் அல்ல. அவற்றைப் பிழையறப் படித்தற்குரிய புள்ளிகளுமாம்.

நிறுத்தம் என்றும், கொல்வது என்றும், பிறை என்றும், மடி என்றும் மக்கள் பலவாறு பெயரிட்ட ஒரு சிறு குறியைத் தமிழர் புள்ளி என்றே அழைத்தனர். உடம்பு உயிரை எதிர்நோக்கி நிற்கும் நிலைக்கு அதனை அடையாளமாக்கினர். ஓலை அதனை மறைத்தது. ஆசிரியர் நா அதனைக் காத்தது. அச்சு அதனை மீட்டது. இன்று அதனை இடுதல் விரலின் ஒரு தொடுகை அளவே. அவ்வெளிமையின் பின்னே நிற்கும் உழைப்பை அறிந்து, ஒற்றும் புள்ளியும் வழுவாது எழுதுதல் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் கடனாகும்.